தீவு ஆசிரியர்களுக்கு ஏற்ற வலை

2004 டிசம்பர் 26 காலை 6.29 மணிக்கு சுமத்ராவுக்கு அருகே கடலடித் தரை பிளந்தது. அதற்கு இரண்டு வாரங்களுக்கு முன் இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் ஒரு பூகோள ஆசிரியர் தன் வகுப்பில் படம் ஒன்றைப் போட்டுக் காட்டியிருந்தார். 1946-இல் ஹவாய் தீவுகளைத் தாக்கிய சுனாமி பற்றிய படம் அது. அந்த வகுப்பில் இருந்த பத்து வயது டில்லி ஸ்மித் கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் பெற்றோருடன் தாய்லாந்தின் புக்கெட் தீவுக்குப் போயிருந்தாள். கடல் நுரைத்துக் குமிழியிடுவதைப் பார்த்ததும் அவளுக்குப் படம் நினைவு வந்தது. அவள் போட்ட கூச்சலில் மாய்க்காவ் கடற்கரையில் இருந்தவர்கள் ஓடித் தப்பினார்கள். அந்தக் கடற்கரையில் ஒருவரும் சாகவில்லை.

ஏறக்குறைய அதே வேளையில் நிகோபாரின் டெரசா தீவிலும் இப்படி ஒன்று நடந்ததாகச் செய்திகள் வெளியாயின. துறைமுக ஊழியர் ஒருவர் டி.வி.யில் நேஷனல் ஜியாகிரஃபிக் சேனலில் சுனாமி பற்றிய நிகழ்ச்சியை முன்பே பார்த்திருந்தார். தரை குலுங்கியதும் அவர் ஊராரை மேட்டுக்குப் போகச் சொல்லி ஆள் அனுப்பினார். அன்று அந்தமான் நிகோபார் தீவுகளில் 3,500 பேருக்கு மேல் மாண்டார்கள் அல்லது காணாமல் போனார்கள். டெரசாவில் பிழைத்தவர்கள் பலருக்கு உயிர் கொடுத்தது சைரன் அல்ல, எப்போதோ ஓடிய ஒரு டி.வி. நிகழ்ச்சி.

அன்று போர்ட் பிளேரில் ஓர் ஆசிரியர் தன் வகுப்பில் இப்படி ஒரு படத்தை இன்டர்நெட்டில் தேடிப் பிடித்துக் காட்ட நினைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பொறுமை இழந்து கம்ப்யூட்டரை மூடியிருப்பார். தீவுகளுக்கும் வெளியுலகுக்கும் இருந்த இணைப்பு செயற்கைக்கோள் வழியாக வந்த மெல்லிய நூல் மட்டுமே. மழை வந்தால் அதுவும் அறுந்துபோகும். இந்த நிலை மாற 2020 ஆகஸ்ட் 10 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சென்னையிலிருந்து கடலுக்கடியில் சுமார் 2,300 கிலோமீட்டர் தூரத்துக்கு, 1,224 கோடி ரூபாய் செலவில் போடப்பட்ட கண்ணாடி இழைக் கேபிள் அன்றுதான் பயன்பாட்டுக்கு வந்தது. போர்ட் பிளேரைத் தவிர ஹேவ்லாக், லாங் ஐலண்ட், ரங்கத், லிட்டில் அந்தமான், கார் நிகோபார், கமோர்ட்டா, கிரேட் நிகோபார் ஆகிய இடங்களிலும் அது கரையேறுகிறது. டெரசா இந்தப் பட்டியலில் இல்லை. சுனாமியில் மிக மோசமாக அடிபட்ட கச்சாலும் இல்லை. அது பிறகு பேச வேண்டிய விஷயம்.

கேபிள் வந்துவிட்டது. ஆசிரியர் எதை இறக்குவது?

முதலில் கண்ணில் படுபவை அரசாங்கம் தரும் பெரிய சேமிப்புக் கிடங்குகள். என்.சி.இ.ஆர்.டி.யின் ஈ-பாடசாலையில் பாடப்புத்தகங்கள் முழுவதும் கிடைக்கும். 2017-ஆம் ஆண்டு ஆசிரியர் தினத்தன்று தொடங்கிய தீக்ஷாவில் பாடவாரியாக விடியோக்களும் பயிற்சிகளும் உண்டு. அம்ருதா பல்கலைக்கழகமும் சி-டாக் நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய ஆன்லைன் லேப்ஸில் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான சோதனைகளைத் திரையிலேயே செய்து பார்க்கலாம். ஆய்வுக்கூடத்தில் அமிலம் தீர்ந்துபோய், அடுத்த கப்பலுக்குக் காத்திருக்கும் பள்ளிக்கு இது சிறிய உதவியல்ல. எல்லாம் இலவசம். எல்லாம் உருப்படியானவை. டெல்லிப் பள்ளிக்கும் டிக்லிப்பூர் பள்ளிக்கும் ஒரே மாதிரி பயன்படுபவை. கோளாறும் அதுவே. டிக்லிப்பூரில் வாழும் குழந்தைக்குத் தன் காலடியில் என்ன இருக்கிறது என்று இவை சொல்வதில்லை. 2006-இல் வெளிவந்த ஒன்பதாம் வகுப்புப் புவியியல் புத்தகத்தில் இந்தியத் தீவுகள் அனைத்துக்கும் சேர்த்துக் கிடைத்த இடம் சில பத்திகளே. சுவர் வரைபடத்தில் அவை வலது ஓரத்தில், சட்டத்தை ஒட்டித் தொங்கும் சில புள்ளிகள்.

எனவே தீவு ஆசிரியருக்கு உண்மையில் பயன்படுபவை பாடமென்று தயாரிக்கப்படாத சில இடங்கள். விஞ்ஞானிகளும் மாலுமிகளும் ஆவணக் காப்பாளர்களும் தங்கள் வேலைக்காக வைத்திருக்கும் பதிவேடுகள் அவை. யாரும் திறந்து பார்க்கலாம்.

அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் நிலநடுக்கப் பட்டியலை எடுத்துக்கொள்ளலாம். வட அட்சம் 6 முதல் 14 வரை, கிழக்குத் தீர்க்கம் 91 முதல் 95 வரை என்று எல்லை போட்டு, பத்து வருட நடுக்கங்களைக் கேட்டால் தேதி, இடம், ஆழம், அளவு எல்லாம் அட்டவணையாக வந்து விழும். மாணவர்கள் கிராஃப் தாளில் புள்ளி வைக்கட்டும். ஆழம் குறைந்தவற்றுக்குச் சிவப்பு, அதிகமானவற்றுக்கு நீலம். கொஞ்ச நேரத்தில் தாளில் வடக்கிலிருந்து தெற்காக ஒரு வில் உருவாகும். தீவுக்கூட்டமும் அதே வளைவில் இருப்பதை யாராவது ஒரு மாணவன் கண்டுபிடிப்பான். மேற்கே ஆழம் குறைந்த புள்ளிகள். கிழக்கே போகப் போக ஆழம் கூடும். இந்தியத் தட்டு தீவுகளுக்கு அடியில் சரிந்து போவதைப் புத்தகத்தில் அம்புக்குறி போட்டுக் காட்டுவது வேறு, தன் கையால் வைத்த புள்ளிகளில் பார்ப்பது வேறு. கிழக்கே தொலைவில் ஆழமில்லாத புள்ளிகளும் சில விழும். அது பிழையல்ல. அந்தமான் கடலின் நடுவே தரை விரிந்துகொண்டிருக்கும் இடம் அது. அப்படியே விட்டால் மாணவர்கள் குழம்புவார்கள். ஆசிரியர் முன்கூட்டியே தெரிந்து வைத்திருப்பது நல்லது.

இந்தியாவின் தேசிய நில அதிர்வு மையமும் இதே போன்ற பட்டியலை வெளியிடுகிறது. ஒரே நடுக்கத்துக்கு இரண்டு இடத்திலும் சிறிது வேறுபட்ட எண் இருந்தால் இரண்டில் ஒன்று பொய் என்று அர்த்தமில்லை. அளவிடுதல் என்றால் என்ன என்பதற்கு அதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

எரிமலைக்கு ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் உலக எரிமலைப் பதிவேடு இருக்கிறது. போர்ட் பிளேருக்கு வடகிழக்கே சுமார் 140 கிலோமீட்டரில் உள்ள பாரன் தீவுக்கு அதில் தனிப் பக்கம் உண்டு. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் உறங்கிவிட்டு 1991-இல் அது விழித்த கதையும் அதற்குப் பிறகு அடிக்கடி புகைந்த கதையும் அங்கே வரிசையாக இருக்கின்றன. 2025 செப்டம்பரிலும் அது சீறியது.

ஆனால் அந்தமான் ஆசிரியர் ஒரே ஒரு இடத்தைத்தான் பார்க்க முடியும் என்றால் அது ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற இந்தியக் கடல் தகவல் சேவை மையமாக இருக்க வேண்டும். 2004 பேரழிவுக்குப் பிறகு, 2007 அக்டோபரில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் இங்கேதான் தொடங்கப்பட்டது. கடலில் பெரிய நடுக்கம் ஏற்பட்டால் சுமார் பத்து நிமிடங்களில் முதல் அறிக்கை வெளிவரும். 2004-இல் அலை சென்னைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. சென்னைக்காரருக்கு இப்படிப்பட்ட அறிக்கை பெரிய வரம். நிகோபார்க்காரருக்கோ அரை மணி நேரம்கூட நிச்சயமில்லை. பத்து நிமிடம் அறிக்கைக்கு, சில நிமிடங்கள் அது கரைக்கு வந்து சேர, சில நிமிடங்கள் நம்பலாமா வேண்டாமா என்று யோசிக்க. மிச்சத்தில்தான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓட வேண்டும். நிற்க முடியாத அளவுக்குத் தரை நெடுநேரம் ஆடினால் எந்த அறிக்கைக்கும் காத்திராமல் ஓட வேண்டும் என்பது எட்டாம் வகுப்பு மாணவிக்குத் தெரிந்திருந்தால் அதுவே முன்னெச்சரிக்கை.

கூடவே எதிர்ப் பாடமும் உண்டு. 2012 ஏப்ரல் 11-இல் சுமத்ராவுக்கு அப்பால் 8.6 அளவுள்ள நடுக்கம். நிகோபாருக்கு எச்சரிக்கை விடப்பட்டது. வந்தது சிற்றலை. காரணம், அன்று தட்டுகள் பக்கவாட்டில் உராய்ந்து நகர்ந்தன. கடல் தரையை மேலே தூக்கவில்லை. "அன்றைக்கு ஒன்றும் வரவில்லையே" என்று அடுத்த முறை உட்கார்ந்திருப்பவரைக் காப்பாற்றக்கூடியது இந்த வித்தியாசம் பற்றிய அறிவுதான். இரண்டு நடுக்கங்களின் விவரங்களும் அமெரிக்கப் பட்டியலில் அருகருகே கிடைக்கின்றன.

இன்காய்ஸில் சுனாமி மட்டும் இல்லை. மீன் கிடைக்கக்கூடிய கடல் பகுதிகள் பற்றிய அறிவிப்பு, அலை உயரம், பவளப் பாறைகள் வெளுக்கும் அபாயம் பற்றிய எச்சரிக்கை எல்லாம் வருகின்றன. 2010-இல் அந்தமான் கடல் சூடேறிப் பவளங்கள் பெருமளவில் வெளுத்தன. கடலோர ஊர்களின் மாணவர்கள் பலருக்கு இதெல்லாம் வீட்டில் அப்பா பேசும் பேச்சு. ஓத அட்டவணையை எடுத்துக்கொண்டு, அதன் பக்கத்தில் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரை வைத்தால் போதும். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் பிறகு நீர்மட்டம் ஏறி இறங்கும் அளவு கூடுவதும், அட்டமியை ஒட்டிக் குறைவதும் ஒரே மாதத்தில் தெரிந்துவிடும். போர்ட் பிளேரில் அதிகபட்சம் சுமார் 2 மீட்டர் வரை ஏறி இறங்கும்.

ஓதம் அளக்கும் கருவிக்கு இந்தத் தீவுகளில் பழைய சரித்திரம் உண்டு. 1881 டிசம்பர் 31-இல் கார் நிகோபாருக்கு அருகே ஏற்பட்ட நடுக்கத்தால் எழுந்த சிறு சுனாமியை போர்ட் பிளேரிலும் வங்காள விரிகுடாவைச் சுற்றிய வேறு துறைமுகங்களிலும் இருந்த கருவிகள் காகிதத்தில் கோடாக வரைந்து வைத்தன. 122 ஆண்டுகள் கழித்து மோடெஸ்டோ ஆர்ட்டிஸ், ரோஜர் பில்ஹாம் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் அந்தக் கோடுகளிலிருந்து நடுக்கத்தின் அளவு 7.9 என்று கணக்கிட்டார்கள். கட்டுரை வெளியான ஆண்டு 2003. மறு ஆண்டுதான் பெரிய அலை.

அந்த அலைக்குப் பிறகு நிலம் என்ன ஆயிற்று என்பதைச் செயற்கைக்கோள் படங்கள் சொல்கின்றன. இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் புவன், அமெரிக்காவின் லேண்ட்சாட் சேமிப்பு, கூகுள் எர்த் ஆகிய மூன்றும் கட்டணமில்லாதவை. கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளுக்குப் பின்னோக்கிப் போகும் வசதி இருக்கிறது. போர்ட் பிளேரை அடுத்த சிப்பிகாட்டில் 2004-க்கு முன் வயல், பின் தண்ணீர். பள்ளிக்கூட பஸ்ஸில் அந்த வழியாகப் போகும் குழந்தைகளுக்கு அது எப்போதும் ஏரி. அதற்கடியில் வயல் இருந்தது என்று தாத்தா சொன்னால் நம்பாதவர்கள் படத்தைப் பார்த்தால் நம்புவார்கள். நாட்டின் தென்கோடியான இந்திரா முனையில் கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதி கடலுக்குள் நிற்கிறது. தரை 4 மீட்டருக்கு மேல் தாழ்ந்துவிட்டது. வடக்கு அந்தமானிலோ நேர்மாறாக, தரை உயர்ந்து பவளத் திட்டுகள் வெளியே வந்து காய்ந்தன. ஒரு முனை தாழ்ந்து மறுமுனை எழும் ஏற்றப் பலகை மாதிரி.

உயர்ந்த இடங்களில் ஒன்று வடக்கு சென்டினல் தீவு. அதைச் சுற்றிப் பவளத்தரை வெள்ளை வளையமாக வெளியே தெரிவதை அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா முன்னும் பின்னுமாகப் படம் போட்டு வெளியிட்டிருக்கிறது. அந்தத் தீவை ஒரு வகுப்பறை பார்ப்பதற்கு இருக்கும் கண்ணியமான வழி இது ஒன்றுதான்.

இங்கேதான் விஞ்ஞான ஆசிரியரின் வேலை முடிந்து சமூகவியல் ஆசிரியரின் தலைவலி தொடங்குகிறது. ஜாரவா, சென்டினல் என்று தேடினால் முதலில் வந்து குவிபவை பாடங்கள் அல்ல. அந்தமான் டிரங்க் ரோட்டில் சுற்றுலாப் பயணிகள் கார் ஜன்னல் வழியாகத் திருட்டுத்தனமாக எடுத்த படங்கள், அவற்றுக்கு மேல் 'நரமாமிசம் தின்பவர்கள்' என்பது போன்ற தலைப்புகள். 2012 ஜனவரியில் ஜாரவா பெண்களை ஆடச் சொல்லி எடுத்த விடியோ வெளியாகி உலகெங்கும் கண்டனம் எழுந்தது. பழங்குடியினரைப் பாதுகாக்கும் 1956-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை அதே ஆண்டில் திருத்தப்பட்டுத் தண்டனைகள் கடுமையாயின. அவர்களைப் படம் எடுப்பதும் எடுத்ததைப் பரப்புவதும் குற்றம். ஆனாலும் ஆசை அடங்கவில்லை. 2025 மார்ச்சில்கூட அமெரிக்கர் ஒருவர் ரப்பர் படகில் சென்டினல் தீவுக்குப் போய்த் தேங்காயும் டின் பானமும் வைத்துவிட்டு வந்து கைதானார். இப்படிப்பட்ட ஒரு விடியோவை ஆசிரியர் வகுப்பில் போட்டால் மாணவர்கள் கற்றுக்கொள்வது பழங்குடியைப் பற்றியல்ல, வேடிக்கை பார்ப்பதைப் பற்றி.

அதற்குப் பதில் வேறு இரண்டு உண்டு. ஒன்று, பழைய சென்சஸ் அறிக்கைகள். மக்கள்தொகை கணக்கெடுப்புத் துறையின் மின்நூலகத்தில் அவை கிடைக்கின்றன. கிரேட் அந்தமானியரின் எண்ணிக்கை 1901-இல் 625. 1911-இல் 455. 1921-இல் 209. 1931-இல் 90. 1951-இல் 23. 1961-இல் 19. கரும்பலகையில் இந்த ஆறு எண்களை எழுதிவிட்டு ஆசிரியர் சும்மா நின்றால் போதும். ஏன் என்று வகுப்பே கேட்கும். 1858 மார்ச்சில் குற்றவாளிக் குடியிருப்பு தொடங்கியதும், 1870-களில் அம்மையும் மேகநோயும் பரவியதும் அந்தக் கேள்விக்கான பதிலின் பகுதிகள். 2011-இல் அவர்கள் 44 பேர்.

இன்னொன்று குரல். மொழியியல் அறிஞர் அன்விதா அப்பி கிரேட் அந்தமானிய மொழிகளை ஆண்டுக்கணக்கில் பதிவு செய்தவர். அகா-போ மொழியைப் பேசிய கடைசி மனுஷியான மூத்த போவா 2010 ஜனவரி 26-இல் இறந்தார். அவர் பேச்சும் பாட்டும் அப்பியின் பதிவுகளாக இன்டர்நெட்டில் கேட்கக் கிடைக்கின்றன. சில நிமிடங்கள் போதும். ஐந்து மொழி பேசும் பிள்ளைகள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் போர்ட் பிளேர் வகுப்பறையில், பேச ஆளில்லாமல் போன ஒரு மொழியின் ஒலிக்குத் தனி அர்த்தம் உண்டு.

சென்டினல்காரர்கள் ஏன் அம்பு எய்கிறார்கள்? எல்லாக் குழந்தைகளும் கேட்கும் கேள்வி. இதற்கும் ஆவணத்தில் பதில் இருக்கிறது. எம்.வி. போர்ட்மன் என்ற பிரிட்டிஷ் அதிகாரி 1899-இல் வெளியிட்ட, அந்தமானியருடனான உறவுகளின் வரலாறு இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற மின்நூலகத்தில் முழுதாகக் கிடைக்கிறது. 1880-இல் அந்தத் தீவிலிருந்து ஒரு வயதான தம்பதியையும் நான்கு குழந்தைகளையும் போர்ட் பிளேருக்குக் கொண்டுபோனதை அவரே அதில் எழுதுகிறார். வந்தவர்கள் நோயில் விழுந்தார்கள். தம்பதி இறந்தார்கள். குழந்தைகளைப் பரிசுப் பொருள்களுடன் திருப்பி அனுப்பினார்கள். அந்தக் குழந்தைகள் தீவுக்கு எந்த நோயைக் கொண்டுபோனார்கள், என்ன கதை சொன்னார்கள் என்பதை அறிய வழியில்லை. அதிகாரி எழுதிய புத்தகத்தை அதிகாரியின் கண்ணோடு படிக்கக் கூடாது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர இதைவிடப் பொருத்தமான சில பக்கங்கள் வேறு இல்லை.

மூலத்தைப் படிக்கும் பழக்கம் இன்னொரு இடத்திலும் தேவைப்படுகிறது. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம் ஆயிற்று. சோழர் காலத்தில் தீவுகள் கடற்படைத் தளமாக இருந்தன என்று அப்போது பேசப்பட்டது. தமிழ் மாணவர்களுக்குப் பெருமையாக இருக்கும், இருக்கட்டும். ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகளில் அச்சாகி, மின்நூலாகவும் கிடைக்கிறது. கடல் கடந்து வென்ற இடங்களின் வரிசையில் ஸ்ரீவிஜயமும் கடாரமும் இருக்கின்றன. மாநக்கவாரம் என்ற பெயரும் இருக்கிறது. அது நிகோபார் என்று அறிஞர்கள் கொள்கிறார்கள். வென்றதாகச் சொல்லும் மெய்க்கீர்த்தி தளம் அமைத்ததாகச் சொல்லவில்லை. எவ்வளவு தெரியும், எவ்வளவு ஊகம் என்று பிரித்துக் காட்டினால் பெருமை குறைந்துவிடாது. ஹேவ்லாக், ஸ்வராஜ் தீவு ஆனதும் ராஸ், நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு ஆனதும் 2018-இல். பழைய வரைபடத்தில் ஒரு பெயர், பாடப்புத்தகத்தில் ஒரு பெயர், படகுத்துறைப் பலகையில் ஒரு பெயர் என்று இருப்பதையே ஒரு வகுப்பாக நடத்திவிடலாம். தேசிய ஆவணக் காப்பகம் 2015-இல் தொடங்கிய அபிலேக் படல் என்ற தளத்தில் குற்றவாளிக் குடியிருப்பின் பழைய கோப்புகள் கிடைக்கின்றன. 693 அறைகள் கொண்ட செல்லுலார் சிறையோடு தீவின் வரலாறு முடிந்துவிடவில்லை என்பதற்கு அவை சாட்சி.

இவ்வளவும் பெரும்பாலும் ஆங்கிலத்தில். 2011 கணக்குப்படி தீவுகளில் சுமார் 15 சதவீதத்தினரின் தாய்மொழி தமிழ். தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகள் நெடுங்காலமாக இருக்கிறார்கள். என்.சி.இ.ஆர்.டி. புத்தகங்களோ நெடுங்காலம் ஆங்கிலம், இந்தி, உருது ஆகிய மொழிகளில் மட்டுமே வந்தன. இந்திய மொழிகளைப் பயிற்று மொழியாக வைத்துக்கொள்ள சி.பி.எஸ்.இ. பள்ளிகளுக்கு 2023 ஜூலையில்தான் இசைவு கிடைத்தது. இடையில் நின்று மொழிபெயர்த்துக்கொண்டே பாடம் நடத்துவது ஆசிரியரின் தலையெழுத்து.

அவருக்குக் கைகொடுக்கத் தமிழ்நாட்டுப் பாடப்புத்தகங்கள் முழுவதும் மின்நூல்களாக இருக்கின்றன. பலரும் நினைத்துப் பார்க்காத இன்னொரு இடம் இலங்கை. அந்நாட்டின் கல்வி வெளியீட்டுத் திணைக்களம் எல்லா வகுப்புகளுக்கும் தமிழ்ப் புத்தகங்களை இலவசமாகத் தருகிறது. தீவு, பவளப் பாறை, கண்டல் காடு, சுனாமி எல்லாம் அவர்களுக்கும் சொந்த அனுபவம்; தமிழ்நாட்டுப் புத்தகத்தைவிட அந்தமானுக்குச் சில சமயம் நெருக்கமாகப் பேசும். கலைச்சொற்களில் மட்டும் எச்சரிக்கை தேவை. இங்கே வேதியியல் என்பது அங்கே இரசாயனவியல். இயற்பியல் என்பது பௌதிகவியல். இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர்களைக் கச்சால் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தியதை நினைத்தால், சில வீடுகளில் பாட்டிக்கு அந்தச் சொற்களே பழக்கமாக இருக்கக்கூடும்.

இயற்பியலுக்கு அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002-இல் தொடங்கிய ஃபெட் இருக்கிறது. மின்சுற்று, ஊசல், அலை என்று திரையில் இழுத்து, தட்டிப் பார்க்கும் மாதிரிகள். பல தமிழிலும் கிடைக்கின்றன. காசில்லாத பள்ளிக்கு அர்விந்த் குப்தாவின் தளம். தீக்குச்சி, சைக்கிள் டியூப், பழைய செய்தித்தாள் இவற்றில் அறிவியல் பொம்மை செய்வதைப் பல இந்திய மொழிகளில் சொல்லித்தரும் மனிதர்.

கேபிள் கரையேறாத தீவுகளுக்கு வருவோம். ஃபெட் மாதிரிகளை ஒருமுறை இறக்கிவிட்டால் இணைப்பில்லாமலே ஓடும். கிவிக்ஸ் என்ற இலவச மென்பொருள் இருந்தால் தமிழ் விக்கிபீடியா முழுவதையும் ஒரு பென்டிரைவில் அடக்கிவிடலாம். அமெரிக்கப் பட்டியலிலிருந்து எடுத்த நிலநடுக்க அட்டவணைக்கு ஒரு தாள் போதும். கமோர்ட்டாவில் இறக்கி, கச்சாலுக்குப் போகும் கப்பலில் யாரிடமாவது கொடுத்தனுப்பலாம். தீவுகளில் மருந்தும் கல்யாணப் பத்திரிகையும் அப்படித்தானே பயணம் செய்கின்றன!

திரையே தேவைப்படாத ஒரு சோதனையும் உண்டு. அதற்குத் தேவையான ஒரே ஒரு எண்ணை மட்டும் கூகுள் எர்த்தில் அளந்துகொண்டால் போதும். வடக்கே டிக்லிப்பூர், தெற்கே கேம்ப்பெல் பே. இரண்டும் ஏறக்குறைய ஒரே தீர்க்கத்தில் உள்ளன. இடைத்தூரம் சுமார் 700 கிலோமீட்டர். நாட்டில் இவ்வளவு நேராகத் தெற்கு வடக்காகத் தொங்கும் ஒரு யூனியன் பிரதேசம் வேறு இல்லை. பொங்கலை ஒட்டிய ஒரு நாளில் இரண்டு ஊர்ப் பள்ளிகளிலும் ஒரு மீட்டர் குச்சியை நேராக நட வேண்டும். தீவுகளில் சூரியன் உச்சிக்கு வருவது கடிகாரத்தில் பதினொன்றரையை ஒட்டி. பன்னிரண்டு மணிக்குக் காத்திருந்தால் தவறிவிடும். பதினொன்றே காலிலிருந்து நிழலைக் குறித்துக்கொண்டே வந்து, மிகக் குட்டையான நிழலை எடுத்துக்கொள்ள வேண்டும். டிக்லிப்பூரில் சுமார் 69 சென்டிமீட்டர், கேம்ப்பெல் பேயில் சுமார் 54 சென்டிமீட்டர் வரும். நிழலிலிருந்து கோணம், இரு கோணங்களின் வித்தியாசம் ஆறே கால் டிகிரி சொச்சம். 700-ஐ அதால் வகுத்து 360-ஆல் பெருக்கினால் பூமியின் சுற்றளவு, 40,000 கிலோமீட்டரை ஒட்டி வந்து நிற்கும். ஏப்ரலில் செய்யக் கூடாது. சூரியன் இரண்டு ஊர்களுக்கும் நடுவே நின்று கணக்கைக் குழப்பிவிடும். முடிவைச் சொல்ல ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு ஒரு போன் போட்டால் போதும்.